பழைய பிக்கப்பின் மைலேஜும் டேங்க் மூடிக்குப் போட்ட பூட்டும்

வண்டியில் மைலேஜ் குறைந்தால் முதலாளியின் சந்தேகம் முதலில் டிரைவர் மேல்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. பதினோரு வருடம் எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று, எங்கள் சரக்கைத் தன் சரக்காக நினைத்து ஓட்டிய மனிதர் அவர். அவரைக் கேட்காமல் கொள்ளாமல் டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். மறுநாள் சாயங்காலம் வண்டி எடுக்க வந்தவர் பூட்டைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. டீசல் போடும்போது வேண்டியிருக்குமே என்று சாவியை நீட்டினேன். "உங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. நீங்களே வந்து போட்டுக் குடுங்க" என்றார்.

அந்தப் பூட்டு தப்பு என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. வண்டியை அளந்து பார்க்கக் கற்றுக்கொண்டதும் அந்த மூன்று வாரத்தில்தான். பழைய பிக்கப் வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 2009 மாடல் பொலேரோ பிக்கப். 2523 சிசி டர்போ டீசல், ஐந்து கியர், டீசல் விடுவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் காமன் ரெயில் வருவதற்கு முந்தைய, பழைய பம்ப் இன்ஜின். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அப்பா காய்கறிக் கமிஷன் கடை நடத்திய காலத்தில் வாங்கியது. ராத்திரி முருங்கை, தக்காளி, வெண்டை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வழியாக மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும். விடிந்ததும் காலி கிரேட்டுகளோடு திரும்பும். போக வர 200 கிலோமீட்டர், மாதம் 22 நடை. இடையிடையே வடகாடு தாண்டி பாச்சலூர் மலைக்குப் போய் சௌசௌவும் மலைவாழையும் இறக்கி வருவதும் உண்டு.

நல்ல நாளில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒரு மாதம் கணக்குப் பார்த்தபோது 9.2 என்று நின்றது. ஒரு நடைக்கு ஆறு லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 12,000 ரூபாய் காற்றில் போகிறது. வருடா வருடம் எஃப்சி என்ற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், அதற்கு மேல் இது என்றால் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

பூட்டுப் போட்ட பிறகும் 9.2 மாறவில்லை என்பது முதல் அடி. அப்படியும் என் மனசு முழுதாக ஒப்பவில்லை. ஒரு ராத்திரி நானே கூடப் போனேன். கிளம்பும்போது பங்கில் டேங்கை நிரப்பி, திரும்பி வந்து அதே பங்கில் அதே பம்பில் அதே பக்கமாக வண்டியை நிறுத்தி நிரப்பினேன். இடையில் வண்டி என் கண்ணை விட்டு மறையவே இல்லை. கணக்கு அதேதான், 9.2. டீசலை யாரும் எடுக்கவில்லை. வண்டிதான் குடிக்கிறது.

இந்த டேங்க்-டு-டேங்க் கணக்கைப் பலரும் தப்பாகப் போடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "500 ரூபாய்க்குப் போட்டேன், இத்தனை கிலோமீட்டர் ஓடியது, முள் இவ்வளவு இறங்கியது" என்பது கணக்கே இல்லை. முள் நேராக இறங்காது. டேங்கின் வடிவம் அப்படி. பங்கில் டீசல் ஊற்றும் துப்பாக்கி தானாகக் கட் ஆகும் வரை நிரப்ப வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டும் அமுக்கி ஊற்றக்கூடாது. வண்டி சாய்ந்து நின்றாலே ஒன்றிரண்டு லிட்டர் முன்னப்பின்னே ஆகும். அதனால்தான் அதே பங்கு, அதே இடம். ஒரு தடவை நிரப்பியதை வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. எங்கள் வண்டியில் எதையுமே மாற்றாமல் ஓட்டியபோதே நடைக்கு நடை 0.3 வரை வித்தியாசம் வந்தது. எதிர்க்காற்று, மழை, சரக்கு எடை, திண்டுக்கல்லில் நெரிசல் எல்லாம் சேர்ந்தது அது. ஆகவே ஒவ்வொரு வேலை பார்த்த பிறகும் மூன்று நடை ஓட்டி, மூன்றையும் கூட்டிச் சராசரி பார்த்தேன். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்ப்பது என்பதையும் கூடியவரை பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். நாலு வேலையைச் சேர்த்துப் பார்த்தால் மைலேஜ் ஏறும். எதனால் ஏறியது என்று மட்டும் தெரியாது.

அளப்பதில் இன்னொரு ஓட்டை இருந்தது. கூடப் போன ராத்திரி நால்வழிச்சாலையில் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். 25 கல் தாண்டியபோது மீட்டர் 24தான் காட்டியது. செல்போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தாலும் அதே வித்தியாசம். யோசித்துப் பார்த்ததில், இரண்டு வருடத்துக்கு முன் டயர் மாற்றியபோது கடையில் இருந்த சற்றுப் பெரிய சைஸைப் போட்டிருந்தோம். டயர் பெரிதானால் சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணும், தூரத்தை அளக்காது. அதாவது 9.2 என்று நான் எழுதி வைத்திருந்தது உண்மையில் 9.6. தொலைந்துபோனதாக நினைத்த மைலேஜில் ஒரு பங்கு தொலையவே இல்லை. இதற்கு மேல் நான் சொல்லும் எண்கள் எல்லாம் இந்தத் திருத்தத்தோடு சொல்பவை.

அதே ராத்திரிதான் பெரிய திருடனும் அகப்பட்டான். கொடைரோடு டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது லேசாகக் கருகிய வாடை. நான் முன்னால் நிற்கும் லாரியிலிருந்து வருகிறது என்றேன். டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி மோந்து பார்த்தார். "இல்ல தம்பி, நம்மதுதான். ரெண்டு மாசமாவே லேசா வருது. ஒங்கிட்ட சொன்னேன், வண்டி பழசுண்ணே அப்படித்தான் வரும்னுட்டீங்க." சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை.

டோலைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, நாலு சக்கரத்தின் கிட்டேயும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். தொட வேண்டாம், சுட்டுவிடும்; இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தாலே தெரியும். மூன்று சக்கரம் வெதுவெதுப்பு. பின்னால் இடது சக்கரத்திலிருந்து அடுப்பு வாயில் கை வைத்ததுபோல் அனல். பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் பட்டறையில் பிரேக் டிரம்மைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து, அழுத்தினால் வெளியே வருகிறது, விட்டால் உள்ளே போவதில்லை. ஹேண்ட் பிரேக் கேபிளும் உறைக்குள் இறுகிப்போயிருந்தது. துரு எப்படி வந்தது என்றால், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாங்கள் குறையும்போது ஊற்றினோமே தவிர, பழையதை வடித்துவிட்டுப் புதிதாக மாற்றியதே இல்லை. கம்பெனியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. முழுக்க எங்கள் கவனக்குறைவு. இரண்டு பக்க வீல் சிலிண்டர், கேபிள், புது ஆயில், லைனிங் தேய்த்துச் சரி செய்த கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த மூன்று நடையின் சராசரி 10.8.

ஒரே வேலையில் 1.2 ஏறியது. இதைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லுவேன்: மைலேஜ் குறைந்தால் இன்ஜினைத் திறக்கும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இடதுக்கும் வலதுக்கும் சுற்றும் லகுவில் வித்தியாசம் தெரிந்தால் அங்கேதான் டீசல் எரிகிறது. காசு கணக்கை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. அப்படிக் காய்ந்த டிரம்மோடு பாச்சலூர் இறக்கத்தில் ஒரு டன் சௌசௌவை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் வந்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது டயர் காற்று. இது எல்லோரும் சொல்வதுதான், யாரும் செய்யாததும்தான். லோடு வண்டிக்குப் பின் டயரில் காலியாக இருக்கும்போது ஒரு அளவு, லோடோடு ஒரு அளவு என்று மேனுவலில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். எங்கள் பின் டயர்களில் லோடுக்கு உரிய அளவை விட 14 பிஎஸ்ஐ குறைவாக இருந்தது. வாரா வாரம் பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கத்தான் செய்தோம். ஆனால் 40 கிலோமீட்டர் ஓடி டயர் சூடான பிறகு பிடித்திருக்கிறோம். சூட்டில் காற்று விரிந்து கேஜில் கூடக் காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் குறைவு. கடைக்குக் கடை கேஜும் ஒன்றுபோல் காட்டுவதில்லை. 400 ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே போட்டுவிட்டோம். சாயங்காலம் லோடு ஏற்றும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பது என்று பழக்கமாகிவிட்டது. அளவுக்கு மேல் ஏற்றுவதும் ஆகாது. நடுப்பட்டை தேயும், மழையில் பிடிமானம் போகும். கூடவே சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று வீல் அலைன்மென்ட்டும் பார்த்தோம். முன் டயர்களின் வெளி ஓரம் ரம்பம்போல் தேய்ந்திருந்தது, கையால் தடவினாலே தெரிந்தது. டயர் உருளாமல் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு போகிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து 11.3.

இனி நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகி எத்தனை தூரம் போனாலும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடந்தது. நான் அதை நல்லது என்று நினைத்திருந்தேன். இன்ஜின் சூடாகவில்லை, சந்தோஷம்தானே. பிரேக் வேலை பார்த்த பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட்ட எவன் கழட்டுனது?" என்று கேட்டார். நாலைந்து வருடத்துக்கு முன் ஒருமுறை வண்டி சூடானபோது வேறொரு இடத்தில், "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லிக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு உண்மையான காரணம் ரேடியேட்டர் அடைப்பு. அதைச் சரிசெய்த பிறகும் தெர்மோஸ்டாட்டை யாரும் திரும்பப் போடவில்லை.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் உள்ளேயே சுற்ற வைக்கும். 80 டிகிரியைத் தொட்டு அதற்குச் சற்று மேலே போகும்போது திறக்கும். அந்தக் கதவே இல்லையென்றால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாக ஓடி, ராத்திரிக் காற்றில் இன்ஜின் ஒருபோதும் வேலைச் சூட்டுக்கு வராது. ஆயில் கெட்டியாகவே இருக்கும், டீசல் முழுதாக எரியாது, லைனரும் சீக்கிரம் தேயும். இட்லிப் பானை மூடியைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பை எரிப்பது மாதிரிதான். எங்கள் வண்டி ஓடுவதே ராத்திரியில் என்பதால் நட்டம் இன்னும் கூடுதல். 700 ரூபாய் பொருள். போட்ட பிறகு முள் நடுவுக்கு வந்து நின்றது, மைலேஜ் 11.9 ஆனது. முள் அடியிலேயே கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஆளைக் கூட்டிவந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ரேடியேட்டர் அடைத்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டால் வண்டி கொதிக்கும். முதலில் ரேடியேட்டரைக் கழுவுங்கள்.

ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். எல்லோரும் முதலில் சொல்வது அதுதான். எங்கள் வண்டியில் மூன்று நடை சராசரியில் ஏறியதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுதான் வித்தியாசம். ஃபில்டர் அவ்வளவு மோசமாக அடைத்திருக்கவில்லை போலும். மேட்டில் ஏறும்போது கரும்புகை தள்ளும் வண்டிக்கு அது நிச்சயம் பலன் தரும். அப்படிப் புகை தள்ளினால் ஃபில்டரோடு டர்போ ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காற்று வெளியே போனால் டீசல் மட்டும் உள்ளே போய்ப் புகையாகத்தான் வரும்.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனைதான் நாசில். அந்த நாசில் வேலைதான் இருப்பதிலேயே செலவு. பம்பையும் நாலு நாசிலையும் கழற்றித் திண்டுக்கல்லில் பம்ப் கடைக்குக் கொண்டுபோனோம். டெஸ்ட்டரில் மாட்டிக் கையால் அடித்தபோது இரண்டு நாசில் பனிமூட்டமாகத் தூவியது. மற்ற இரண்டும் ஒழுகின, ஒரு பக்கமாகப் பீச்சின. நுனிகளை மாற்றி, பிரஷர் செட் செய்து, ரிட்டர்ன் லைனில் கசிந்த சின்ன ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். கூலியோடு 9,000 ரூபாய் ஆனது. கிடைத்தது 0.3 மட்டும், 12.2 ஆனது. வண்டி ஸ்டார்ட் ஆவதும் இழுப்பதும் நன்றாக மாறியது உண்மை. ஆனால் மைலேஜுக்காக மட்டும் என்றால் இதில் ஆரம்பித்திருக்கக் கூடாது என்றே சொல்வேன். பலர் ஆரம்பிப்பதே இங்கேதான். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டிக்குப் புது நாசில் போட்டு, "ஒண்ணும் தேறல" என்று நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

இருந்தாலும் அந்தப் பம்ப் கடைக்குப் போனதில் காசில் கணக்கிட முடியாத லாபம் ஒன்று கிடைத்தது. டிரைவர் அண்ணனையும் நான் கூட்டிப் போயிருந்தேன். அவருக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம் ஒன்று உண்டு. இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு உருட்டுவார். டீசல் மிச்சம் என்பது அவர் காலத்து டிரைவர்கள் எல்லோருக்கும் வேதம். மலையிலும் அப்படித்தான். இன்ஜினையே ஆஃப் செய்து உருட்டுகிறவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது. பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம், இன்ஜின் ஓடினால்தான் உற்பத்தியாகும். நின்றுவிட்டால் இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். எத்தனை சொன்னாலும் அவர் கேட்டதில்லை. நான் வயதில் சின்னவன், கடையில் உட்கார்ந்திருப்பவன். அவர் மலையில் வளைந்து வளைந்து ஓட்டுகிறவர்.

பம்ப் கடையில் பெஞ்சில் பம்பை மாட்டி மோட்டாரால் சுற்றுவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் விழும். ஆக்ஸிலேட்டர் லிவரை அமுக்கிப் பிடித்தபோது நாலு குழாயும் மளமளவென்று ஏறின. பம்ப் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே லிவரை முழுதாக விடச் சொல்லிக் கேட்டேன். டீசல் விழுவது அப்படியே நின்றது. ஒரு சொட்டு இல்லை. "இறக்கத்துல கியர்ல இருந்து காலை எடுத்தா இதுதாண்ணே நடக்குது. சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. பம்புக்குள்ள இருக்கற கவர்னர் டீசலை நிறுத்திடும். நியூட்ரல் போட்டீங்கன்னா இன்ஜின் சும்மா ஓடறதுக்கு டீசல் குடிச்சுத்தான் ஆகணும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கடைக்காரரிடம், "இன்னொருக்கா விடுங்க" என்றார். திரும்ப லிவரை அமுக்கி விட்டார்கள். குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அன்றையிலிருந்து பாச்சலூர் இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குகிறார். பிரேக் லைனிங்கும் முன்னைப்போல் தேய்வதில்லை.

இனி வேகம். இதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் வேகமாகப் போகச் சொன்னது நான். விடியுமுன் மாட்டுத்தாவணியில் இறக்கினால்தான் விலை கிடைக்கும் என்று விரட்டியிருக்கிறேன். திண்டுக்கல் தாண்டி நால்வழிச்சாலையில் ஏறினால் 85ல் போவார். பிக்கப் என்பது முகம் தட்டையான, முதுகில் கிரேட் அடுக்கிய வண்டி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம் இல்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 65ல் இருக்கும் தடையை விட 85ல் எழுபது சதவீதம் கூடுதல். மத்திய பெட்ரோலியத் துறையின் கீழ் உள்ள பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் 45க்கும் 55க்கும் இடையில் ஓட்டுங்கள் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறது. நால்வழிச்சாலையில் பின்னால் பஸ் முட்டிக்கொண்டு வரும்போது 50ல் போவது நமக்கு ஒத்துவராது. 65 என்று வைத்தோம்.

எத்தனை நேரம் போகும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரை 62 கிலோமீட்டர். 85ல் 44 நிமிடம், 65ல் 57 நிமிடம். பதின்மூன்று நிமிடம் முன்னால் கிளம்பினால் தீர்ந்தது. அந்தப் பதின்மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அத்தனை நாள் அவரை விரட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி வேளையில், தனியாக.

வேகத்தோடு சரக்குக் கட்டும் முறையையும் மாற்றினோம். கேபின் உயரத்துக்கு மேல் இரண்டு வரிசை கிரேட் அடுக்கியதை ஒரு வரிசையாகக் குறைத்து, பின்பக்கம் வரை பரப்பிக் கட்டினோம். தார்ப்பாயைப் படபடவென்று அடிக்க விடாமல் நாலு பக்கமும் இழுத்து முடிந்தோம். காலியாகத் திரும்பும்போது தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே போட்டுவிடுவது. பாடியில் சும்மா கிடந்த பழைய டயர், இரும்புச் சங்கிலி, உடைந்த பட்டை, கட்டைகள் எல்லாவற்றையும் இறக்கித் தராசில் வைத்தால் 80 கிலோவுக்கு மேல். வருடக்கணக்கில் மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் சும்மா சவாரி போய்க்கொண்டிருந்த எடை. இத்தனையும் சேர்ந்து சராசரி 13.4க்கு வந்தது. வேகம், கட்டு, எடை மூன்றையும் இங்கே நான் ஒன்றாகச் செய்துவிட்டேன் என்பதால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பங்கு வேகத்துக்குத்தான் என்பது என் எண்ணம்.

9.6லிருந்து 13.4. நடைக்கு 20.8 லிட்டர் குடித்தது 14.9ல் நிற்கிறது. மாதம் 12,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாசில் உட்பட மொத்தச் செலவு இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. வண்டியை விற்கும் பேச்சு வீட்டில் இப்போது இல்லை.

செய்யாமல் விட்டதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் நிறையப் பேர் காசைக் கொடுக்கிறார்கள். டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒருவர் கொண்டுவந்து காட்டினார், முப்பது சதவீதம் ஏறும் என்றார். டீசல் காந்தத்துக்கு வளையும் பொருளே இல்லை. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லி இன்னொருவர். பம்புக்குள்ளும் நாசிலுக்குள்ளும் தேயும் பாகங்களுக்கு மசகு கொடுப்பதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்தப் பசை குறைவு. மிச்சம் பிடித்ததை விடப் பல மடங்கு பம்ப் கடையில் கொடுக்க வேண்டிவரும். சட்டப்படியும் தப்பு. சைலன்சரை வெட்டி மாற்றுவது, பாட்டிலில் வரும் மருந்து, இதிலெல்லாம் நான் கை வைக்கவில்லை.

பிரேக் வேலை முடிந்து 10.8 என்று கணக்கு வந்த அன்றைக்குச் சாயங்காலம் டேங்க் மூடிப் பூட்டைக் கழற்றினேன். டிரைவர் அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, "அண்ணே, தப்பு எம்மேலதான். ஒங்களக் கேட்டிருக்கணும். வாடை வருதுன்னு நீங்க சொன்னப்பவே பாத்திருக்கணும்" என்றேன். முருங்கைக் கட்டைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒங்க அப்பா இருந்தா பூட்டுப் போட்டிருக்க மாட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கணக்கு நோட்டை எங்கிட்டக் குடு தம்பி, நான் எழுதுறேன்" என்றார்.

இப்போது நோட்டு வண்டியில்தான் இருக்கிறது. தேதி, மீட்டர், திருத்திய தூரம், லிட்டர், மைலேஜ், எல்லாம் அவர் கையெழுத்து. எட்டாவது வரை படித்தவர், வகுத்தல் கணக்கைச் செல்போனில் போட்டு எழுதுகிறார். ஓரத்தில் அவராகவே ஒரு கட்டம் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். அதில் "எதிர்க்காத்து", "வாடிப்பட்டில மழை", "லோடு கம்மி" என்று குறிப்பு. போன வாரம் ஒரு நடைக்கு 12.6 என்று எழுதி அடியில் கோடு கிழித்திருந்தார். பக்கத்தில், "வலது முன் டயர் பாக்கணும்". நான் நோட்டைப் பார்த்த நேரத்தில் அவர் அந்தச் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு பொடி ஆணி இருந்தது.